கற்பூர மரம், பன்றித் தோல், பித்தளை ஆணி: வேலூரில் வாங்கிய சீனப் பயணப் பெட்டி

லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் இந்தப் பெட்டியை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் முதலில் சொன்ன விலை 55,000. வாங்கிய பிறகு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொடுத்த பணத்துக்கு மேலேயே பெறும். ஆனால் அதன் மதிப்பு எங்கே இருக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியவில்லை. மூடியில் இருக்கும் பூ ஓவியத்தையும் 'முந்நூறு வருஷம்' என்ற கதையையும்தான் அவர் விற்றார். நான் வாங்கியது தோல் வேலையை.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் தரம் பிரிக்கும் மேஜையில் வேலை செய்தே என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. ஒரு தோல் கைக்கு வந்தால் கண் முதலில் போவது கிரெய்னுக்கு, அதாவது தோலின் மேல்பரப்பில் மயிர்க்கால்கள் காட்டும் அமைப்புக்கு. அந்தப் பழக்கம் இந்தக் கடையிலும் கைகொடுத்தது.

பெட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் அகலம், ஒன்றேகால் அடி உயரம். மூடி தட்டை. உடம்பு கற்பூர மரம். அடிப்பலகை தவிர மற்ற எல்லாப் பக்கமும் தோல் போர்த்தி, அதன்மேல் சிவப்புப் பூச்சு. அந்தச் சிவப்பு இப்போது பழம்புளி நிறத்துக்கு வந்துவிட்டது. விளிம்புகளிலும் மூலைகளிலும் பித்தளைத் தகடு, வரிசை வரிசையாகக் குமிழ் ஆணி. இரண்டு பக்கமும் தூக்குவதற்குப் பித்தளை வளையம். முன்பக்கம் வட்டமான தகட்டோடு பூட்டு.

"மான் தோலு சார், ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். பக்கவாட்டில் பூச்சு தேய்ந்த ஓர் இடத்தில் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மயிர்க்கால்கள் மும்மூன்றாக, சின்னச் சின்ன முக்கோணங்களாக நின்றன. அது பன்றித் தோலின் கையெழுத்து. மாட்டுத் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாகச் சீராகப் பரவியிருக்கும். ஆட்டுத் தோலின் அமைப்பு வேறு. இப்படி மூன்று மூன்றாகக் கூடி நிற்பது பன்றிக்குத்தான். மூடியின் உட்புற விளிம்பில் தோலின் ஒரு நுனி கிளம்பியிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்திலும் அதே துளைகள். பன்றியின் மயிர்க்கால் தோலின் கனம் முழுவதையும் துளைத்துக்கொண்டு போகும். எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் இடங்களில், இந்தத் தோலை நான் பார்த்ததில்லை. ஷூ கம்பெனிகளுக்கு லைனிங்குக்காக வெளிநாட்டிலிருந்து வந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சீனாவில் பன்றி வளர்க்காத கிராமம் அபூர்வம். கையருகே கிடைத்த, தேய்மானம் தாங்கும் தோலைப் பெட்டிக்குப் போட்டார்கள். மான் தோல் என்று சொல்லி விற்றால் கௌரவம் கூடும் என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். மான் தோல் இந்த வேலைக்கு ஆகாது. அது மெத்தென்று இருக்கும், இழுத்த இழுப்புக்குப் போகும். பெட்டிக்கு வேண்டியது விறைப்பு.

இனி அந்த மூலைகளைப் பற்றி. நான் காசை எடுத்து வைத்ததே மூலைகளைப் பார்த்துத்தான்.

தோலை ஒரு பெட்டியின்மேல் போர்த்தும்போது மூலையில்தான் கைவேலை தெரிந்துபோகும். மூன்று பக்கம் சேரும் இடத்தில் தோல் மிச்சப்படும். மடித்தால் புடைக்கும், வெட்டினால் இடைவெளி விழும். இந்தப் பெட்டியில் அந்த இடத்தில் விரலை ஓட்டினால் ஒரு மேடும் தட்டுப்படவில்லை. கிளம்பியிருந்த நுனியைப் பார்த்த பிறகு விஷயம் புரிந்தது. இரண்டு ஓரங்களையும் உட்பக்கமாகச் சீவி, காகித கனத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் இதையே ஸ்கைவிங் என்று மெஷினில் செய்கிறோம். இங்கே கத்தியால் செய்திருக்கிறார்கள். சீவின சரிவு அரை அங்குலம் போகிறது. ஒரு இடத்திலும் கத்தி உள்ளே இறங்கவில்லை. தோல் ஈரமாக இருக்கும்போது இழுத்துப் போர்த்தி, காய விட்டிருக்க வேண்டும். காய்ந்து சுருங்கியதால்தான் மரத்தோடு இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. ஒட்டின அந்தத் தையலில்லாத இணைப்பின் மேலேதான் முதல் வரிசை ஆணி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் ஆணி வரிசையை அலங்காரம் என்று நினைப்பார்கள். அலங்காரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோலின் ஓரம் கிளம்பாமல் இருநூறு தலைகள் அமுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அதன் முதல் வேலை.

ஆணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலையும் பக்கத்துத் தலையிலிருந்து ஒரு மயிரிழை வித்தியாசப்படுகிறது. அச்சில் ஊற்றி எடுத்தவை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒன்று தளர்ந்திருந்ததை உருவிப் பார்த்தபோது தலையும் தண்டும் ஒரே வார்ப்பு, இரண்டும் பித்தளை. இப்போது கடைகளில் கிடைக்கும் குமிழ் ஆணியில் தலைக்கு மட்டும் பித்தளை முலாம் இருக்கும், தண்டு இரும்பு. பின்பக்க விளிம்பில் கடைக்காரரோ அவருக்கு முன்பு வைத்திருந்தவரோ, விழுந்துபோன ஆணிகளுக்குப் பதில் அந்த ரகத்தை அடித்திருக்கிறார். காந்தம் அங்கே போனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அந்த ஆணி ஒவ்வொன்றையும் சுற்றித் தோலில் நீலக் கறுப்பாக ஒரு வளையம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்து ஆட்களுக்கு அந்த வளையத்தைப் பார்த்தவுடனே தெரியும். பட்டைச் சாறு ஏறிய தோலில் ஈர இரும்பு பட்டால் அந்த இடம் கறுத்துப்போகும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டால் எழுதுகிற மையே கிடைக்கும், அதே சங்கதிதான். வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துப் பழைய ஷாப்புகளில் ஊறல் தொட்டிக்கு அருகில் இரும்பு வாளியைக் கொண்டுபோனால் மேஸ்திரி சத்தம் போடுவார். ஆக, இந்தக் கறை எனக்கு இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, இந்தத் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. இரண்டு, பெட்டி செய்தவருக்கு இரும்பின் குணம் தெரிந்திருக்கிறது. செலவைப் பார்க்காமல் தண்டு உட்பட பித்தளையிலேயே வார்த்திருக்கிறார். அவர் அடித்த ஆணிகளைச் சுற்றி ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. சில இடங்களில் பச்சைக் களிம்பு மெழுகு மாதிரி கசிந்திருக்கிறது. தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாவது அது. மூங்கில் குச்சியால் வழித்து எடுத்தால் போய்விடும், தோலுக்குக் கெடுதல் இல்லை.

மூங்கில் குச்சிதான், மறந்துபோய் பிளேடு எடுக்காதீர்கள்.

மரத்துக்கு வருவோம். கற்பூர மரம் தென் சீனாவிலும் தைவானிலும் ஜப்பானிலும் தானாக வளர்வது. முன்பு அந்த மரத்தைச் சீவி, ஆவியில் வடித்துத்தான் கற்பூரம் எடுத்தார்கள். இன்று கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு ஏற்றுகிற சூடம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தயாராவது. அதன் வாசனையை எதிர்பார்த்து இந்தப் பெட்டியைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். மரத்தின் வாசனை இன்னும் மென்மையானது, கொஞ்சம் மருந்து, கொஞ்சம் இஞ்சி. கடையில் திறந்தபோது அடித்ததோ அந்துருண்டை வாடை! கற்பூர வாசனை போதாது என்று யாரோ உள்ளே ஒரு கைப்பிடி அந்துருண்டையைப் போட்டுவைத்திருக்கிறார்கள். நல்ல மரத்துக்கு இப்படி ஒரு அவமரியாதையை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, நிழலில் மூடியைத் திறந்து காற்றாட விட்டேன். வாடை போக நாள் பிடித்தது. பிறகு உட்புற மூலையில் கையகலத்துக்கு சீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் மரத்தின் சொந்த வாசனை எழுந்துவந்தது. கற்பூர மரப் பெட்டி எதுவானாலும் வாசனை செத்துப்போனதாக நினைத்துவிட வேண்டாம். மேல்பரப்பில் இருப்பது ஆவியாகிப் போயிருக்கும், உள்ளே எண்ணெய் இருக்கும்.

உட்புறத்தைத் தேய்க்கலாம் என்றேன், வெளிப்புறத்தைத் தொடக்கூடாது. வெளியே இருக்கும் சிவப்பு சீன அரக்கு. நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது, ஸ்பிரிட்டில் கரையும். சீனர்களுடையது ஒரு மரத்தின் பால். அது வெயிலில் காய்வதில்லை, ஈரக்காற்றில்தான் இறுகும். நன்றாக இறுகிவிட்டால் ஸ்பிரிட்டுக்கு அசையாது. கடைக்காரர் பளபளப்புக்காக மேலே ஒரு கோட் பாலிஷ் அடித்திருந்தார். பின்பக்கக் கீழ் ஓரத்தில், ஓவியம் இல்லாத இடமாகப் பார்த்து, பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு ஒற்றினேன். மஞ்சளாகப் பாலிஷ் மட்டும் பஞ்சில் வந்தது, சிவப்பு நின்றது. மூடியில் இருக்கும் பூக்களிடம் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அது வேறு சாயம், கரைந்து போகலாம். மூடிமேல் இருக்கும் பாலிஷை அப்படியே விட்டுவிட்டேன். மனம் கேட்கவில்லைதான், ஆனாலும் பூ முக்கியம்.

பூ ஓவியத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பியோனிப் பூக்களும் இரண்டு பறவைகளும். நல்ல கை, ஆனால் அவசரக் கை. இவை நிறைய எண்ணிக்கையில் செய்து விற்றவை. 1757 முதல் 1842 வரை மேல்நாட்டுக் கப்பல்கள் சீனாவில் வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே துறைமுகம் கான்டன், இன்றைய குவாங்சோ. தோல் போர்த்திய கற்பூர மரப் பெட்டி அந்த ஊர்ப் பட்டறைகளின் பெயர் பெற்ற சரக்கு. பெரியதுக்குள் சின்னது என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வரிசையாகவும் விற்றார்கள், கப்பலில் இடம் மிச்சம் என்பதால். வாங்கியவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளைப் பித்தளை ஆணியாலேயே மூடியில் அடித்து வாங்கிப்போனதும் உண்டு. 1842 நான்கிங் ஒப்பந்தத்துக்குப் பிறகு மேலும் நான்கு துறைமுகங்கள் திறந்தன. அதற்கப்புறமும் இந்தப் பெட்டிகள் செய்வது நின்றுபோகவில்லை. என்னுடையதற்கு முந்நூறு வருஷம் என்று கடைக்காரர் சொன்னதற்குக் காகிதம் ஏதும் அவரிடம் இல்லை. அதனால் வயதுக்கு நான் காசு கொடுக்கவில்லை. வேலைக்குக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே பேரம் பேசுங்கள்.

பெட்டி குடியாத்தத்தில் ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் சொன்னார். அதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அடிப்பலகையில் கிழிந்த கப்பல் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது, 'பினாங்' என்ற ஆங்கில எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் போய்ச் சம்பாதித்த குடும்பங்கள் எத்தனையோ. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. கான்டன் பட்டறையிலிருந்து பினாங்குச் சீனர் கடைக்கு, அங்கிருந்து குடியாத்தத்துக்கு என்று இந்தப் பெட்டி வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அந்தச் சீட்டைக் கடையில் சுரண்டி எடுக்காமல் விட்டது பெரிய புண்ணியம்.

பூட்டு எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி. வட்டத் தகட்டில் மூன்று காதுகள். மூடியிலிருந்து தொங்கும் தகட்டின் துளைகள் அந்தக் காதுகளில் உட்காருகின்றன. நீளவாக்கில் ஒரு தண்டு ஊடே போகிறது. அந்தத் தண்டுதான் பூட்டின் நாக்கு. பூட்டுக்குள் விரிந்து நிற்கும் பித்தளை வில் தகடுகள் தண்டைப் பிடித்துக்கொள்கின்றன. சாவியைத் திருகுவதில்லை. பக்கத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். சாவியின் நுனித் துளை அந்த வில் தகடுகளை ஒடுக்கிக்கொண்டே போக, தண்டு மறுபக்கம் நழுவி வெளியே வருகிறது. திருகிப் பழகிய கைக்கு முதலில் புரியாது. என் பேத்திக்கு இரண்டாவது முறையிலேயே வந்துவிட்டது. எண்ணெய் போட வேண்டாம், தூசி பிடிக்கும். பென்சில் கரியைச் சாவியில் தடவினால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடது பக்க வளையம் போய், இரும்பு வளையம் போட்டிருந்தார்கள். மெயின் பஜார் பக்கம் பித்தளைப் பாத்திரம் பற்றவைப்பவர் ஒருவரிடம் வலது வளையத்தைக் காட்டி, அதே கனத்தில் வார்த்து வாங்கினேன். வேலை சுத்தம், 1,800 ரூபாய் ஆனது. பின்பக்கம் தோல் கிழிந்த இடத்தைக் கடையில் ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருந்தார்கள். சொல்யூஷன் தோலுக்குள் இறங்கிவிட்டால் அதன் கறையை எடுக்கவே முடியாது. அந்த இடம் இப்போதும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் கிளம்பியிருந்த இன்னொரு நுனியை நான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். நாளைக்கு யாராவது பிரிக்க வேண்டுமென்றால் ஈரத்துணி வைத்தால் விட்டுவிடும். பழைய பொருளுக்குச் செய்யும் எந்த வேலையும் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல ஃபெவிகால் என்றாலும் இதற்கு வேண்டாம்.

கடைக்காரர் மனிதர் நல்லவர், மரியாதையானவர். பெட்டியைத் திருப்பிப் பார்க்க, அடியைப் பார்க்க, காந்தம் வைக்க, எதற்கும் முகம் சுளிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் டாட்டா ஏஸில் ஏற்றி அனுப்பும்போது வெறும் கயிற்றுக் கட்டு. சத்துவாச்சாரி வருவதற்குள் கயிறு உராய்ந்து ஒரு விளிம்பில் அரக்கு பெயர்ந்துவிட்டது. இத்தனை கடல் தாண்டி வந்த விளிம்பு அது, வயிறு எரிந்தது. நீங்கள் வாங்கினால் வீட்டிலிருந்தே இரண்டு பழைய போர்வை கொண்டுபோங்கள்.

நம் ஊர் வெயில் இந்தப் பெட்டிக்குப் பெரிய சோதனை. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற காய்ந்த காற்றில் தோல் சுருங்கும், அரக்கு வெடிக்கும். அது ஈரக்காற்றில் பிறந்த பொருள். மேற்குச் சுவர் ஓரம் வைக்காதீர்கள்; ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். ஏ.சி. நேராக ஊதுவதும் அதே கெடுதல்தான். நடு ரூமில் உட்சுவர் ஓரமாக, இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். கோடையில் புதிதாக ஒரு வெடிப்பும் விழவில்லை. தேங்காய் எண்ணெய் தடவு, ஷூ பாலிஷ் போடு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இரண்டுமே கூடாது. எண்ணெய் இறங்கினால் களிம்பு அதிகமாகும், தூசி சேறாகும். காய்ந்த பருத்தித் துணி போதும்.

உள்ளே மனைவியின் பட்டுப்புடவைகள் இருக்கின்றன. வெள்ளை மல் துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறோம். மரத்தின் எண்ணெய் நேராகப் பட்டால் பட்டில் கறை ஏறும். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, அடிப்பக்கத்தில் கரையானின் மண் கோடுகூட இல்லை. பக்கத்திலேயே நின்ற வேப்பமர அலமாரியின் காலில் கரையான் ஏறியிருந்தது.

யார் வாங்கலாம்? தினமும் திறந்து மூடுகிற வீட்டுக்கு இது சரிவராது, சாவியைத் தள்ளித் திறப்பதற்குப் பொறுமை வேண்டும். பன்றித் தோல் வீட்டில் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கடையில் மான் தோல் என்றுதான் சொல்வார்கள். மற்றபடி, வெட்டு, சீவல், ஒட்டு, ஆணி என்று ஒவ்வொரு கைவேலையும் கண்ணெதிரே நிற்கும் தோல் சாமான் இந்த விலைக்கு வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. தோல் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் வாங்காவிட்டாலும் ஒருமுறை போய் அந்த மூலைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்த பிறகும் இந்தப் பக்கம் முழுக்கத் தோலைத் தொட்டுப் பிழைக்கிற கைகள்தானே.

அதே கடையில் இன்னொரு சின்னப் பெட்டியும் இருந்தது, இரண்டடி நீளம், பச்சைப் பூச்சு. ஓவியம் என்னுடையதைவிட அழகு. 30,000 சொன்னார். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டால் அடிப்பலகை பிளைவுட். ஆணிகளில் பாதிக்குமேல் காந்தம் ஒட்டுகிறது. ஆனால் பக்கப் பலகைகளும் முன்பக்கத் தோலும் பழைய வேலைதான். 12,000 வரை கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இரும்பு ஆணிகளை உடனே பிடுங்கிவிட வேண்டும், மழைக்காலத்துக்கு முன்பாகவே.